கோர்டுக்கு நல்ல ஃபஸ்

கலைமணி கிட்டார் வாசிக்கிறான் என்பது அவன் மேடையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காதால் கேட்டவர் அரியலூர் வட்டாரத்திலேயே கிடையாது. கீபோர்டும் டிரம்ஸும் போடுகிற கூச்சலில் அவன் கை அசைவது மட்டும் தெரியும், பூச்சி விரட்டுவது மாதிரி.

மெல்லிசைக் குழுவை நடத்தும் பாடகி ஜெயசுதா ஒருநாள் பொறுமை இழந்தாள்.

"ஞாயித்துக்கிழம விக்கிரமங்கலம் திருவிழாவுல உன் கிட்டார் சத்தம் ஜனத்துக்குக் கேக்கணும். கேக்கலன்னா, அடுத்த புரோகிராமுக்கு நீயும் ஜனத்தோட கீழ உக்காந்துக்க."

அதற்கு மருந்து ஃபஸ் பெடல். காலால் மிதித்தால் கிட்டார் ஒலியைக் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி உறும வைக்கும் சின்ன இரும்புப் பெட்டி. ஒற்றைத் தந்தியை மீட்டினால் எந்த ஃபஸ்ஸும் சிங்கம்தான். கோர்டு பிடித்தால், அதாவது எல்லாத் தந்திகளையும் சேர்த்து அடித்தால், முக்கால்வாசிப் பெடல்கள் கூழ் காய்ச்சிவிடும். கலைமணிக்குக் குழுவில் கொடுத்திருந்ததோ கோர்டு வேலை மட்டும். ஆகவே காதால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

'எடுக்க' என்பதைக் கவனிக்கவும். வாங்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. கலைக்கு விலை வைப்பது பாவம் என்பது அவன் கொள்கை. கடைகளில் அதைத் தவறாமல் கடைப்பிடிப்பான். தன் சம்பளம் பேசும்போது மட்டும் மறந்துவிடுவான்.

அரியலூரில் முகம் தெரியும் என்பதால் கிட்டாரோடு பெரம்பலூருக்கு பஸ் ஏறினான். கடைத்தெரு சாப்பாட்டு நேரத்து மயக்கத்தில் இருந்தது. இசைக்கருவிக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனான்.

கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஆள் திடுக்கிட்டு நிமிர்ந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது.

"கடை இருக்குங்களாண்ணே?"

"இருக்கு... இருக்கு. என்ன வேணும்?"

"ஃபஸ் பாக்கணும்ணே."

"பஸ்ஸா? பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம் தம்பி."

கலைமணிக்கு ஆனந்தம் பொங்கியது. ஃபஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் வித்தியாசம் தெரியாதவர் இசைக்கருவிக் கடை நடத்துகிறார்! இப்படிப்பட்ட வள்ளல்கள் இருப்பதால்தான் நாட்டில் கலை வளர்கிறது. கண்ணாடி அலமாரியைக் காட்டினான்.

"அந்தப் பெடலுங்க. வாசிச்சுப் பாத்துதான் எடுக்கணும். ஞாயித்துக்கிழம விக்கிரமங்கலத்துல நம்ம புரோகிராம்."

கடைக்காரர் உள்ளறைக் கதவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"தாராளமா வாசிங்க. எத்தன வேணும்னாலும் எடுத்துக் கேளுங்க."

முதல் பெடலில் கோர்டு பிடித்ததும், எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்போடு கல் போன மாதிரி இருந்தது. அடுத்தது மேல்சுருதியையும் கூடச் சேர்த்துக்கொண்டு கத்தியது. தெருநாய் ஒன்று எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"அருமை! இன்னும் சத்தமா வாசிங்க" என்றார் கடைக்காரர்.

மூன்றாவதில் உறுமலைக் குறைத்து, கிட்டாரின் வால்யூமையும் கொஞ்சம் தணித்தான். கோர்டு அடித்தான். ஆகா! கரகரப்புக்குள்ளேயே ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. இதுதான்.

"இது சத்தம் பத்தலையே தம்பி. முன்ன வாசிச்சதே தேவல" என்றார் கடைக்காரர்.

ரசனை கெட்ட ஜென்மம் என்று நினைத்தபடி, "ஒத்த நோட்டு வாசிக்கட்டுங்களா?" என்றான்.

"வேணாம். அதுல நடுவுல நடுவுல சத்தம் நின்னு போவுது. எல்லாக் கம்பியையும் சேத்து அடிங்க. நிறுத்தாதீங்க. உள்ள கொஞ்சம் சரக்கு எடுத்து வைக்கிற வேல இருக்கு."

உள்ளே போனவர் கதவைச் சாத்திக்கொண்டார். கலைமணி இரண்டாவது பெடலை மிதித்து, கைவலிக்க அடித்தான். நடுவே உள்ளே தகரம் சரிவது போல் ஏதோ விழுந்தது. சரக்கை அடுக்கக்கூடத் துப்பில்லை! ஒரு கோர்டை நீளமாக இரையவிட்டு, அந்த நேரத்தில் மூன்றாவது பெடலைக் கிட்டார் உறைக்குள் தள்ளினான். அதன் காலி அட்டைப்பெட்டியை மூடி அலமாரியில் பழையபடி வைத்தான்.

கடைக்காரர் கனத்த பையோடு வெளியே வந்தார்.

"ஒண்ணும் சரியா அமையலண்ணே. யோசிச்சுட்டு வரேன்."

"அதனால என்ன தம்பி. நீங்க வந்ததே பெரிய உதவி" என்று ஷட்டரைத் தூக்கிப் பிடித்து வழியனுப்பினார். திருடியவனுக்கு நன்றி சொல்லும் அப்பாவியை எண்ணி, அரியலூர் வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தான் கலைமணி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விக்கிரமங்கலத்தில் அவன் முதல் கோர்டை அடித்ததும் கூட்டம் நிமிர்ந்தது. ஜெயசுதா பாட வேண்டிய வரியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில், உதட்டோரம் பிளாஸ்திரி ஒட்டிய பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் ரசிகர்! அவருக்காகவே கலைமணி இன்னொரு முறை அடித்தான்.

பாட்டு முடிந்ததும் பெரியவர் மேடையேறி வந்தார். பின்னால் இன்ஸ்பெக்டரும் வந்தார். திருவிழா பந்தோபஸ்து என்று நினைத்து, வணக்கம் சொல்லக் கைகூப்பினான் கலைமணி.

பெரியவர் குனிந்து பெடலைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"அந்தக் கடைக்கு ஓனர் நான்தான்டா, என்னைய உள்ரூம்ல வாயில துணியடைச்சுக் கட்டிப் போட்டுட்டு, நான் கத்துறது வெளிய கேக்காம உன்னைய வாசிக்க வெச்சு பீரோவை உடைச்சானே உன் கூட்டாளி, அவன் எங்க?"