அடி தெரிந்த கிண்ணம்

கிண்ணம் காலியாக வந்தது.

பாத்திரம் கழுவும் தொட்டியின் முன் நின்றிருந்தவள் அதைச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு சூப் இல்லை. அடியில் ஒரு வெங்காயத்தாள் துணுக்கு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷமல்ல, சந்தேகம். சாப்பிட்ட மனுஷன் எங்கேயாவது கவிழ்த்துவிட்டாரா?

சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மேசை காய்ந்திருந்தது, தரையும் காய்ந்திருந்தது. சாப்பிட்டு எழுந்த பேருந்து ஓட்டுநர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, போக மனமில்லாமல் அடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுப்பின் முன் நின்றது அவள் கணவன். பசை நாடா விற்கும் கம்பெனியில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன். ஒரு நாள் அதை உதறிவிட்டு ஜப்பானுக்குப் போனான். அங்கே ராமென் என்கிற நூடுல்ஸ் சூப் விற்கும் ஒரு கடையில் மூன்று வருடம் எலும்பு கழுவினான், நூடுல்ஸ் வேகவைத்தான், திரும்பி வந்து இந்தக் கடையைத் திறந்தான்.

திறந்த அன்றே சொல்லிவிட்டான். நன்றாக இருந்ததா என்று யாரையும் கேட்கமாட்டானாம். கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்களாம். ராமென் பிடித்திருந்தால் கடைசிச் சொட்டு சூப் வரை குடிப்பார்கள், அதனால் மதியம் முடிந்ததும் கிண்ணங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வானாம். சூப் மிச்சமாகவே வந்துகொண்டிருந்தால் கடையை மூடிவிட்டுப் பழைய வேலைக்கே போய்விடுவானாம்.

அந்தப் பழைய வேலையை அவள் அறிவாள். சாயங்காலம் வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, அணைத்து வைத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த ஆள் மறுபடி வீட்டுக்கு வருவதை அவள் விரும்பவில்லை.

முதல் நாள் இருபத்திமூன்று கிண்ணங்கள் வந்தன. இறைச்சி காலி, முட்டை காலி, நூடுல்ஸ் காலி. சூப் மட்டும் பாதிக்குமேல் அப்படியே நின்றது.

அவன் வரும் காலடிச் சத்தம் கேட்டது. அவள் எதையும் யோசிக்கவில்லை. இருபத்திமூன்றையும் தொட்டியில் கொட்டிவிட்டாள்.

அவன் வந்து பார்த்தான். ஒவ்வொரு கிண்ணமாகச் சாய்த்துப் பார்த்தான். அன்று வீடு போய்ச் சேரும்வரை சீட்டியடித்தபடியே நடந்தான்.

அன்றிலிருந்து மூன்று மாதமாக அவள் கொட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது இரண்டாவது கிண்ணம் வந்தது. அதுவும் காலி. மூன்றாவதும் காலி.

மூலை மேசையில் ஒரு பல் டாக்டரம்மா, மூக்குக்கண்ணாடியெல்லாம் ஆவி படிய, அதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அத்தனை கௌரவமான மனுஷி கடை முழுக்கக் கேட்கிற மாதிரி உறிஞ்சினார். பிறகு இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கினார். முகம் உள்ளே போய்விட்டது. வெளியே வந்தபோது பத்து வயது குறைந்திருந்தது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. பின்பக்கத்து அண்டாவிலிருந்து ஒரு கரண்டி மொண்டு ஊதிக் குடித்தாள்.

பன்றி எலும்பு பதினாறு மணி நேரம் கொதித்துப் பால் நிறத்துக்கு வந்திருந்தது. முதலில் உப்பு தெரிந்தது, அது போனதும் எலும்பின் இனிப்பு தெரிந்தது. தொண்டையைத் தாண்டிய பிறகும் நாக்கில் ருசி இருந்தது. முதல் நாள் குடித்த சூப்புக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். கெட்டிக்காரன்தான் என்று நினைத்தாள். பெருமையில் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஒன்று புரியவில்லை. தினமும் காலிக் கிண்ணங்களையே பார்த்தவன் எதற்காகக் கைப்பக்குவத்தை மாற்றினான்?

ஓடிப்போய் அவனிடம் சொல்ல ஆசையாக இருந்தது. என்னவென்று சொல்வது? பாருங்க, கிண்ணம் காலி என்றா? அவனைப் பொறுத்தவரை அது மூன்று மாதமாகக் காலியாகத்தானே வருகிறது. இப்படி ஒரு சந்தோஷத்தை வாயைத் திறந்து சொல்ல முடியாமல் நிற்கிறோமே என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவன் உள்ளே வந்தான். அடுக்கியிருந்த கிண்ணங்களைப் பார்த்தான். பிறகு தொட்டியின் அடிப்பக்கத்தைக் காட்டினான்.

"குழாய்க்குக் கீழ, கொட்டற சூப்போட கொழுப்பு தங்கற பெட்டி இருக்குல்ல, அத நீ வர்றதுக்கு முன்னாடி நான்தான் தெனம் அள்ளிப் போடறேன். மொத வாரம் வாளி வாளியா வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சு, நேத்து அரை வாளிகூடத் தேறல."

அவள் கையிலிருந்த நுரை முழங்கை வரை வழிந்தது. மூன்று மாதமாக அவள் மறைத்ததையெல்லாம் அவன் காலையில் அள்ளி எடுத்து, அளவு பார்த்து, அடுப்புக்குப் போயிருக்கிறான்.

"தெரிஞ்சுமா மூடல?" என்றாள்.

"நீதான் மூட விடலயே."

ஜன்னல் வழியே அடுத்த கிண்ணம் வந்தது. அதில் இரண்டு விரல் உயரத்துக்குச் சூப் மிச்சமிருந்தது. பழக்கதோஷத்தில் அவள் கை அதைத் தொட்டிப் பக்கம் சாய்க்கப் போனது.

சாய்க்கவில்லை. அப்படியே அவன் முன்னால் நகர்த்தி வைத்தாள்.