தோள்பக்க ஆள்

"தோளைப் பிடிக்கிறப்ப மூஞ்சியைப் பார்க்காதே. பார்த்தா கை தளர்ந்துடும்."

மேஜைக்கு அந்தப்புறம் பெஞ்சில் உட்கார்ந்தபடி ராப்சன் சொன்னான். மேஜைமேல் ஆளுக்குப் பதிலாக ஒரு மரத்தூள் மூட்டை கிடந்தது. அதை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நிக்சன், அடுத்த தெரு பீர் ஆலையில் பீப்பாய் உருட்டுகிறவன். அன்று காலையில்தான் அவசரமாக அழைத்து வந்திருந்தார்கள்.

1847, மார்ச் மாதம். நியூகாசிலில் டாக்டர் ஹெஸ்லப் தன் வீட்டு மாடியிலேயே நடத்திய சிறிய அறுவை மருத்துவமனை அது. கத்தி படும்போது திமிறுகிறவர்களை அமுக்கிப் பிடிப்பதுதான் பத்து வருஷமாக ராப்சனுக்கு அங்கே வேலை. இன்றைக்குத் தொடையோடு ஒரு கால் எடுக்க வேண்டியிருந்தது.

"உக்காந்த இடத்துல இருந்தே ஏவுறியே, மகராசா. வந்து பிடிச்சுக் காட்டினா என்ன?"

"பீப்பாயை அமுக்குற கைதானேய்யா. அப்படியே அமுக்கு."

"ஆளு பெரிய ஆளா?"

"உன் கனம் இருப்பான். கரிப்படகுல துடுப்புப் போட்ட உடம்பு."

"பிராந்தி குடுத்தாச்சா?"

"ரெண்டு மடக்கு. எந்த மூலைக்கு?"

"சும்மா கிடப்பானா?"

"கிடப்பேன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. சொன்னபடி கிடந்தவன் ஒருத்தனும் இல்ல. ஒரு பாதிரியார், ஜபம் சொல்லிக்கிட்டே என் கட்டைவிரலைக் கடிச்சு எடுத்துட்டார்."

நிக்சன் வயிறு குலுங்கச் சிரித்தான். "சரி, திமிறிட்டா என்ன ஆகும்?"

ராப்சன் சிரிக்கவில்லை. "கத்தி வழுக்கும். தொடைக்குள்ள பெரிய ரத்தக் குழாய் ஓடுது. அது தப்பா அறுந்தா கட்டுப்போட நேரம் இருக்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தி ஒரு கல்தச்சன் அப்படித்தான் போனான். அன்னிக்குத் தளர்ந்தது என் கை."

நிக்சன் மூட்டையை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் ஹெஸ்லப் வந்தார். கையில் குழாய் வைத்த கண்ணாடிக் குடுவை. "ராப்சன், இந்த ஆளை அனுப்பிடு. பிடிக்கிறதுக்கு இனிமே யாரும் வேண்டாம். ஈதர் ஆவியை இழுத்தா ரெண்டு நிமிஷத்துல தூக்கம் வந்துடும். அறுக்கிறதே தெரியாது."

"நடுவுல முழிப்பு வந்துட்டா?"

"லண்டன்ல செஞ்சு பார்த்துட்டாங்க. யாரும் முழிக்கல."

"லண்டன்காரங்க கரி அள்ளினவங்களா டாக்டர்?"

நிக்சன் குறுக்கே புகுந்தான். "விடுங்கய்யா. ஆவி வந்தா தன் பிழைப்பு போயிடுமேன்னு கிடந்து தவிக்கிறான்."

"பிழைப்பு போனா மூட்டை தூக்கிக்கலாம். உயிர் போனா?" ராப்சனின் குரல் உயரவில்லை. "டாக்டர், பத்து வருஷத்துல உங்ககிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல. தோள்பக்கம் இந்த ஆள் நிக்கட்டும். கை வைக்க வேண்டாம். திமிறல் வந்தா மட்டும் பிடிக்கட்டும்."

டாக்டர் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சரி, நிக்கட்டும்" என்றார்.

நிக்சன் மூட்டையை இறக்கிப் போட்டான். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான். "அப்புறம் என்ன, கால்காரனைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. தூக்கிப் படுக்க வைக்கிறேன்."

டாக்டர் பெஞ்சருகே போய், ராப்சனின் அக்குளில் கைகொடுத்தார்.

"அந்தப் பக்கம் வந்து பிடிப்பா. அழுகின காலை ஊன்றி இவனால மேஜைமேல ஏற முடியாது."