ஒரே நெகட்டிவ்

அப்பா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த நெகட்டிவைப் போட்டோக் கடையில் கொடுத்து, பிலோமினா தன் அம்மாவின் படத்தைப் புதிதாகப் பிரிண்ட் போடச் சொல்லியிருந்தாள். அந்தக் காலத்தில் ஸ்டூடியோ இருட்டறையில் கழுவி எடுத்த படம் பழுப்பேறிவிட்டது. இன்றைய மை பிரிண்டரில் வந்த படத்தில் கறுப்பு கன்னங்கரேலென்று இருந்தது. சேலையின் சரிகைகூடத் தெரிந்தது. நாற்காலியில் அம்மா; மடியில், அம்மாவின் முகம் பார்த்துச் சிரிக்கிற கைக்குழந்தையாகப் பிலோமினா. எல்லாம் அப்படியே இருந்தது. அம்மாவின் கண்கள் மட்டும் மூடியிருந்தன.

“இது வேற படமா?”

“அதே நெகட்டிவ்தாம்மா.” கடைக்காரர் அவள் கொண்டுவந்திருந்த பழைய படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இதுல கண்ண பிரஷ்ஷால வரைஞ்சிருக்காங்க. இறந்தவங்க படத்துக்கு அப்ப அப்படிச் செய்வாங்க.”

“ஒங்கம்மா ஒன்னத்தான் பாத்துக்கிட்டிருக்கா” என்று இந்தப் பழைய படத்தைக் காட்டிக் காட்டித்தான் அப்பா அவளை வளர்த்தார்.

“வேணும்னா புதுசுலயும் கண்ணத் தொறந்துரலாம்மா. ரெண்டு நிமிஷ வேலை.”

பிலோமினா பழைய படத்தை மேசைமேல் கிடத்தினாள். அம்மாவின் திறந்த கண்கள்மேல் இரண்டு விரல்களை வைத்து, மெல்லக் கீழே நீவினாள்.