தீவுப் படம் போட்ட அட்டை

கண்ணை மூடிக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

அவள் மூடிக்கொண்டாள்.

டப்பாவுக்குள் நூறு அட்டைகள். நூறையும் செய்தவள் அவள்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் மாமியாருக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்து வந்து, மருமகளின் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் மூடியிருக்கா," என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

மகன் ஜெபசிங் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். புத்தாண்டு ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை இன்னும் கசங்கவில்லை. எட்டு மாதம் கழித்து மனைவியைக் கூட்டிப்போக வந்திருக்கிறான். வாசலில் கார் நிற்கிறது.

போவதா இருப்பதா என்பதை அவள் அப்பா ஞானதாஸ் டப்பாவிடம் விட்டுவிட்டார்.

அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். வருடப் பிறப்பன்று ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை. மலையோ கடலோ ஒரு படம், படத்தின் மேல் ஒரு வசனம். எடுத்தவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வந்த வசனம் ஆண்டவர் சொன்னது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கையில் வந்த பதவி உயர்வையே அட்டை சொன்னதென்று வேண்டாமென்றவர் அப்பா. அம்மா அதைச் சொல்லி இன்றைக்கும் மூக்கைச் சிந்துவாள்.

அவளுக்கும் பக்தி உண்டு. ஆனால் அட்டை எப்படித் தயாராகிறது என்று தெரிந்தவள்.

தாய்வீட்டுக்கு வந்ததும் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வசனம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் குவிந்து கிடக்கும். ஜோடி சேர்ப்பதுதான் வேலை. கன்மலை என்று வந்தால் பாறை. சமாதானம் என்றால் ஏரி. வெளிச்சத்துக்குக் கலங்கரை விளக்கம்.

எதற்கும் ஒட்டாத வசனமா, ஒரு தீவைப் போட்டுவிடு.

இப்படி நூறு கல்யாணத்தை ஒரே வாரத்தில் முடித்துவைத்தாள். தன் கல்யாணத்தை நினைத்து நடுநடுவே சிரிப்புக்கூட வந்தது.

ஜெபசிங் அவளை அடித்ததில்லை. அதுதான் வினை. வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவான். சாயங்காலம் வந்து திறப்பான். சாப்பாடு, டிவி, மின்விசிறி, எல்லாம் உள்ளே இருக்கும். இரண்டு வருடம். பொண்டாட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறான் என்று தெருவே மெச்சியது. அவள் அம்மாகூட, "அடிக்கலேல்ல?" என்றுதான் கேட்டாள்.

அப்பா கேட்கவே இல்லை.

ஆனால் இங்கே வந்த புதிதில், காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் திறப்பாள். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து கதவுக்கு அண்டக்கொடுத்தார்.

"எடு தாயி," என்றார் இப்போது.

எடுத்தாள்.

கண்ணைத் திறந்தாள்.

தீவு.

ஒரு தென்னை, கொஞ்சம் மணல், சுற்றிலும் தண்ணீர். வசனத்தை வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒற்றைத் தென்னை போட்ட தீவு நூறில் இது ஒன்றுதான், அவளுக்குத் தெரியும். விட்டுவந்த இடத்துக்கே உன்னைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று ஆண்டவர் ஒருவனுக்குக் கொடுத்த வாக்கு. ஒரு சாயங்காலம், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், எந்தப் படமும் பொருந்தாமல் இந்தத் தீவில் கொண்டுபோய்ப் போட்டாள்.

தன் கையாலேயே போட்டாள்.

அந்தப் பூட்டு விழுகிற சத்தம், பிறகு வண்டி கிளம்புகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லாத பகல். அவளால் முடியாது. செத்தாலும் முடியாது.

"சத்தமா வாசிம்மா," என்றாள் மாமியார்.

அவள் வாசித்தாள்.

இந்த இடத்திலேயே குடியிரு, நான் உன்னோடு இருந்து உன்னை ஆசீர்வதிப்பேன் என்கிற வசனத்தை வாசித்தாள். வேறொரு அட்டையில், மலைக்கோட்டைப் படத்துக்குப் போட்டது. தடுமாறாமல், அதிகாரம் எண் முதற்கொண்டு சொன்னாள்.

ஜெபசிங் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு வருடம் அவள் முகத்தைப் படித்தவன்.

"மாமா, அட்டைய நீங்க ஒரு தடவ பாருங்க."

அப்பா கையை நீட்டினார்.

கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்தாள். அவர் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டரில் காய்ச்சல் என்று எழுதச் சொன்னால்கூட, கல்யாண வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் எழுதுவார். அப்பேர்ப்பட்டவர் கண்ணாடியைத் துடைத்தார். மாட்டிக்கொண்டார். உதடு அசைய வாசித்தார்.

ஒரே வரிதான். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி வாசித்தார்.

மகளைப் பார்த்தார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"காட்டுங்கண்ணே, நாங்களும் பாக்குறோம்," என்று மாமியார் எழுந்தாள்.

அப்பா அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"எம்மக வாசிச்சதுதான் போட்டிருக்கு," என்றார்.

பிறகு யாரையும் பார்க்காமல் முழங்காலில் நின்றார். எல்லோரும் ஜெபத்துக்கென்று நினைத்துத் தலையைக் குனிந்தார்கள்.

நெடுநேரம் ஆகியும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.