நாற்பத்தெட்டில் நின்ற முள்

முள் இன்றும் நாற்பத்தெட்டில்தான் வந்து நின்றது.

என் மனைவி தராசுத் தட்டின் மேல் அசையாமல் நின்றிருந்தாள்.

பழைய இரும்புக் கடையில் பெண்டாட்டியை நிறுத்தி எடை பார்க்கும் ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறென்ன செய்ய? இந்தத் தெருவில் தராசு என்று ஒன்று இருப்பது என் கடையில் மட்டும்தான்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவள் இதயம் தளர்ந்துபோனது. உடம்பில் நீர் கட்டினால் எடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும், தினமும் காலையில் பாருங்கள், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் ஆபத்து என்று நர்ஸம்மா போன மாதமே சொல்லியிருந்தார்.

நானும் ஒரு நாள் தவறவில்லை. நோட்டில் இருக்கிறது. நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு.

இன்று வீடு தேடி வந்திருந்த நர்ஸம்மா குனிந்து அவள் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே கிடந்தது. அவர் நோட்டையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

இரண்டு தலையணை வைத்துப் படுத்தாலும் மூச்சு முட்டுகிறது என்று நான்கு நாளாக இவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நான்தான், எடை ஏறவே இல்லையே, சும்மா பயந்து சாகாதே என்று அதட்டினேன்.

வெளியே ஆஸ்பத்திரி வண்டி நின்றது. வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். இதய நோயாளிகளில் எடை ஏறினவர்களுக்குத்தான் அதில் இடம்.

“ஏங்க, உங்க தராசு சரியா இருக்கா?” என்று கேட்டார் நர்ஸம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாசலை அடைத்துக்கொண்டு ஐந்து பேர் மூட்டையோடு நின்றார்கள். காகிதம் பொறுக்குகிறவர்கள், தகரம் பொறுக்குகிறவர்கள். என் தராசை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டில்கார அக்கா முந்திக்கொண்டார். “என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! அண்ணன் தராசை நம்பாம வேற எதை நம்புறது?”

எல்லோரும் சிரித்தார்கள். இவளும் மூச்சு வாங்கிக்கொண்டே பெருமையாகச் சிரித்தாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். நர்ஸம்மா பேனாவை மூடினார்.

தப்பித்தேன் என்று ஒரு நொடி நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அதற்காக என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

போன வியாழக்கிழமையிலிருந்து தினமும் கடை திறக்கும் முன், தட்டைக் கழற்றி அடியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி வந்தேன். என்னிடம் வாங்கும் ஆலைக்காரன் எடையில் அடிக்கிறான், நான் மட்டும் என்ன இளிச்சவாயனா? காலியாக இருக்கும்போது முள் பூஜ்யத்தில்தான் நிற்கும், யாருக்கும் தெரியாது. இன்றைக்கு ஐம்பது கிலோ ஏறினால் மூன்றை விழுங்கிவிடும்.

மூட்டைகளுக்காகச் செய்தது. தினமும் இவளும் அதே தட்டில்தான் ஏறுகிறாள் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை.

“மூணு கூட்டிக்குங்க,” என்றேன்.

நர்ஸம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. வாசலில் நின்றவர்களுக்கு அதுகூட ஆகவில்லை. சிரிப்பு அப்படியே நின்றது.

நர்ஸம்மா இவள் கையைப் பிடித்து இறக்கி, வண்டிக்கு அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

இவளுக்கு வழி விட்டார்கள். எனக்கு விடவில்லை.