வாலுக்கடியில் ஏழு

கோடை முழுவதும் செண்பா என்ற தாய் அணில் இரை தேடப் போகும்போதெல்லாம், பக்கத்து மரத்து இளம் அணில் மின்னிதான் அவளுடைய குட்டிகளைப் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் பொந்தருகே வந்த பாம்பைத் தனியாகவே கத்திக் கத்தி விரட்டினாள்.

கடைசி நாளன்று கூலிக்கென்று பத்து வாதாங்கொட்டைகளை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள் செண்பா.

“எவ்வளவு வேணும், மின்னி?”

“நீங்களே பார்த்துக் குடுங்க அத்தை.”

அதைக் கேட்டதும் செண்பாவின் மனம் சுருங்கியது. ஏழு கொட்டைகளின் மேல் வாலைப் பரப்பி உட்கார்ந்துகொண்டு, மூன்றை மட்டும் நீட்டினாள்.

“நீ எங்க வீட்டுப் பொண்ணு. உங்கிட்டப் போய்ச் சம்பளம் பேசுவேனா?”

மின்னி மூன்றையும் வாங்கிக்கொண்டாள்.

கடைக்குட்டி துள்ளிக் குதித்தது. “அப்போ இனிமே மழை பேஞ்சா அக்காவும் உள்ளே படுக்கலாமா? போன மழைக்கு இடமில்லேன்னு வெளியே நிக்க வச்சியேம்மா!”

செண்பா வாலை இன்னும் அகலமாகப் பரப்பிக்கொண்டாள்.

“பரவாயில்ல அத்தை, எனக்கு மழை பழக்கந்தான்” என்று சொல்லிவிட்டு மின்னி கிளம்பினாள்.

வழியனுப்பக் குட்டிகள் கிளை நுனிவரை ஓடின. செண்பாவால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் அந்த ஏழும் தெரிந்துவிடும்.