நாலாவது ஊசி

"இன்னும் ஒரே ஒரு ஊசி, டாக்டர். இந்த சீசன் முடியற வரைக்கும் தாங்கினா போதும்."

லூசியன் சட்டையில்லாமல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை.

"ஜூன்லேருந்து மூணு போட்டாச்சு. நாலாவது போட மாட்டேன்" என்றாள் டாக்டர் அனுசூயா. சென்னையில் படித்த மருத்துவமும் இங்கே வந்து பழகிய பிரெஞ்சும் அவளுக்கு நன்றாகவே கைகொடுத்தன. "ஊசி வலியைத்தான் மறைக்கும். கிழிஞ்ச தசைநாரை ஒட்ட வைக்காது. இப்படியே பந்து வீசினீங்கன்னா அது அறுந்தே போயிடும். அப்புறம் தலை வாரிக்கக்கூட அந்தக் கை உதவாது."

1970, ஆகஸ்ட் மாதம். கனடாவில், மான்ட்ரியால் நகரின் வில்லரே பகுதியில் அனுசூயா கிளினிக் திறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அடுத்த தெருவில் குடியிருந்த லூசியன், ஆற்றுக்குத் தென்கரையில் இருந்த ஒரு சின்ன ஊரின் பேஸ்பால் அணியில் பந்து வீசுபவர். வயது முப்பத்தெட்டு. பெரிய அணிகளின் தயவு இல்லாமல், ஊருக்கு ஒரு முதலாளி தாங்கிப் பிடித்து நடத்திய தொழில்முறை லீக் அது. போன வருடம் அமெரிக்கப் பெரிய லீக்கில் ஆடும் அணி ஒன்று மான்ட்ரியாலுக்கே வந்துவிட்டது. கூட்டமெல்லாம் அங்கே போய்விட்டது.

"ஆட்டத்தை விட்டுடுங்களேன்" என்றாள்.

"எனக்கும் ஆசைதான். என் மச்சான் பேக்கரி வண்டி ஓட்ட வாடான்னு ரெண்டு வருஷமா கூப்பிடறான். இப்பல்லாம் பந்தைக் கையில எடுத்தாலே வெறுப்பா வருது."

"அப்புறம் என்ன?"

"முசியே கோதியே. எங்க முதலாளி." லூசியன் இடது கையாலேயே சட்டைப் பொத்தான்களை மாட்டினார். "சம்சாரம் போனதுலேருந்து அந்த மனுஷனுக்கு இந்த அணியை விட்டா வேற எதுவும் இல்லை. ஆட்டம் இருக்கற நாள்லதான் சவரமே பண்ணிக்கிறார். என் பேருக்காகத்தான் நூறு பேராவது வர்றாங்க. நான் ஆட்டத்தை நிறுத்திட்டா மைதானம் காலி, அணியும் அவ்வளவுதான். அவர் தாங்க மாட்டார், டாக்டர். என் கை இப்படியிருக்குன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

அனுசூயா ஊசி போடவில்லை. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தாள். அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் கணவர் அனந்தராமன் லூசியன் அணியின் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தார். விமானத் தொழிற்சாலையில் எஞ்சினியர். ஊரில் கிரிக்கெட் பார்த்த பழக்கத்தில் இங்கே பேஸ்பாலைப் பிடித்துக்கொண்டவர்.

"இன்னிக்கும் தோல்விதான், அனு. பக்கத்துத் தெரு லூசியனை ஒன்பது இன்னிங்ஸ்ல ஏழாவது வரைக்கும் வீச வச்சுட்டாங்க. முகத்தைப் பாக்கவே சகிக்கலை. வீசத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் வெளியே சும்மாவே உக்காந்திருக்காங்க. அந்தக் கிழவர் ஆளை மாத்தச் சொல்லணுமே!"

"எந்தக் கிழவர்?"

"முதலாளிதான். முன் வரிசையில தனியா உக்காந்து கைதட்டிண்டே இருக்கார். நெஞ்சுல ஈரமே இல்லாத மனுஷன்."

நோயாளிகளின் விஷயத்தை அவள் வீட்டில் பேசுவதில்லை. தயிர்ப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். ஆனாலும் கோபம் வந்தது. ஒருவருடைய பிடிவாதத்துக்கு இன்னொருவருடைய கையா?

வியாழக்கிழமை, அந்தக் கோதியே தானாகவே கிளினிக்குக்கு வந்து நின்றார். படியேறியதில் மூச்சு வாங்கியது. சில நாளாக நெஞ்சு அடைக்கிறது என்றார். நல்ல டாக்டர் என்று லூசியன்தான் சொல்லி அனுப்பினாராம்.

அனுசூயா ரத்த அழுத்தம் பார்த்தாள். இரண்டாவது முறையும் பார்த்தாள்.

"முசியே கோதியே, இந்த உடம்போட நீங்க வெயில்ல உக்காந்து ஆட்டம் பாக்கக்கூடாது. அணி நடத்தற கவலையும் கூடாது. இந்த சீசனோட மூடிடுங்க."

"முடியாது, டாக்டர்."

"உங்க ஒருத்தர் ஆசைக்காக..." என்று ஆரம்பித்தவள், லூசியன் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள்.

"ஆசையா? எனக்கா?" கிழவர் சிரிக்கப் போய் இருமினார். "என் பொண்ணு வான்கூவர்ல இருக்கா. பேரனுக்கு மூணு வயசு. இன்னும் நேர்ல பாத்ததில்லை. வாப்பா, வாப்பான்னு வாராவாரம் போன் பண்றா. லீக்ல மத்த முதலாளிங்களும் போதும்னுதான் சொல்றாங்க. நான் ஒருத்தன்தான் ஒத்துக்காம நிக்கறேன்."

"ஏன்?"

"லூசியனுக்காக. பதினாறு வருஷமா எங்கிட்ட ஆடறான். இந்த வயசுல அவனை வேற யாரும் சேத்துக்க மாட்டாங்க. பந்து வீசறதைத் தவிர அவனுக்கு உலகத்துல எதுவும் பிடிக்காது, டாக்டர். அவனா 'போதும்'னு சொல்ற வரைக்கும் அணியை மூட எனக்கு மனசு வரலை."

 அனுசூயா மருந்து எழுதிக் கொடுத்து, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி வரச் சொல்லி அவரை அனுப்பினாள்.

அவர் படியிறங்கியதும் நர்ஸைக் கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை அதே பத்து மணிக்கு லூசியனையும் வரவழைத்து இருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்கும்படியும், டாக்டர் வரப் பதினொன்று ஆகும் என்று சொல்லிவிடும்படியும் சொன்னாள்.